ஏழாம் நபருக்கு ஒரு தொழில்

"இது ஸஹ்லே ஊர்ல கடிகாரக் கடை வச்சிருக்கிற வதீஃ தானே?"

மதாம் ஓதெத் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு, சிவப்புப் பென்சிலால் ஆய்வேட்டின் நூற்றுப் பதினாலாம் பக்கத்தைத் தட்டினாள். சந்தையில் தக்காளியை அமுக்கிப் பார்க்கிற அலட்சியம் அந்தக் கேள்வியில் இருந்தது.

ஜுமானா அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தாள்.

"வதீஃன்னு எனக்கு யாரையும் தெரியாதே, மதாம்."

"உனக்குத் தெரியாட்டி என்ன, எனக்குத் தெரியுமே. அறுபத்திரண்டு வயசு. கடிகாரம் ரிப்பேர் பண்றவன். ஸஹ்லேல அப்படி எத்தனை பேரு இருப்பான்? பாவம், நாலு புள்ளைங்க. பொண்டாட்டிக்குத் தெரியுமோ என்னவோ."

"அவரு இல்ல மதாம். சத்தியமா அவரு இல்ல."

"அப்ப யாரு?"

"அதைச் சொல்லக் கூடாது."

"சொல்ல வேணாம்மா, நான் கேட்டேனா? ஆனா படிக்கிறவன் எல்லாம் வதீஃன்னுதான் நினைப்பான். நான் நினைச்சேன் இல்ல?" என்று சொல்லிவிட்டு மதாம் ஓதெத் காப்பியை ஒரு உறிஞ்சு உறிஞ்சினாள்.

ஜுமானா பெய்ரூத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் சமூகப்பணித் துறையில் பாடம் எடுப்பவள். வயது முப்பத்து மூன்று. அதில் கடைசி ஐந்து வருடத்தை இந்த ஆய்வேடு தின்றிருந்தது. தன் பாலினத்தவரையே நேசித்து வாழ்ந்தவர்கள் வயதாகி, நோயும் வந்து படுக்கும்போது மருத்துவமனையிலும் முதியோர் நிலையத்திலும் சமூகப் பணியாளர்கள் அவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்பது ஆய்வு. மொத்தம் பன்னிரண்டு பேர் பேசியிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், ஒரு மாற்றுப்பெயர். ஒலிப்பதிவுகள் பூட்டிய இழுப்பறையில் இருந்தன. சாவி ஜுமானாவின் கழுத்துச் சங்கிலியில் தொங்கியது. குளிக்கும்போதுகூட அவள் அதைக் கழற்றுவதில்லை.

பன்னிரண்டு பேரில் ஏழாமவர்தான் ஆய்வேட்டின் உயிர். அவருக்கு சலீம் என்று பெயர் வைத்திருந்தாள். எந்த மதத்துக்காரனும் வைத்துக்கொள்ளும் பெயர் அது. ஊரையும் மாற்றியிருந்தாள். தொழிலை மட்டும் மாற்றவில்லை. அவர் உண்மையில் என்ன தொழில் செய்தார் என்று என்னிடமும் கேட்காதீர்கள். ஜுமானா கொடுத்த வாக்கு எனக்கும் சேர்த்துத்தான். கடிகாரம் பழுதுபார்ப்பவர் என்று வைத்துக்கொள்வோம்.

மதாம் ஓதெத் முப்பத்தொரு வருடமாகத் துறையின் காரியதரிசி. எந்த ஆய்வேடும் அவள் மேசையைத் தாண்டித்தான் தேர்வுக் குழுவுக்குப் போகும். ஓர இடைவெளி, பக்க எண், நூற்பட்டியல் எல்லாவற்றையும் அவள் சரிபார்த்து முத்திரை குத்த வேண்டும். ரகசியம் காப்பேன் என்று எல்லோரையும்போல அவளும் கையெழுத்துப் போட்டிருந்தாள். போதாததற்கு, எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத ஒரு சோதனையும் துறையில் உண்டு. ஆய்வில் பேசியவர் யாரென்று மதாம் ஓதெத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், லெபனானில் வேறு எவராலும் முடியாது. குடும்பப் பெயரைச் சொன்னால் போதும், அந்த வீட்டுத் தாத்தா யாரோடு எந்த வரப்புக்குச் சண்டை போட்டார் என்பதுவரை சொல்லிவிடுவாள்.

ஏழாமவரின் பெயர் அவள் வாயில் வரவில்லை. அதுவரைக்கும் நல்லது. ஆனால் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது போல, ஒரு பாவமும் அறியாத ஸஹ்லேக் குடும்பஸ்தன் ஒருவன் நடுவில் வந்து மாட்டிக்கொண்டானே. அடுத்த திங்கட்கிழமை சமர்ப்பிக்க வேண்டும். வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். அதற்குப் பிறகு ஒரு பிரதி நூலகத்தில் காலாகாலத்துக்கும் இருக்கும்.

"மாத்திடறேன் மதாம்," என்றாள் ஜுமானா.

புதன்கிழமை காலைக்குள் சலீம் பியானோவுக்குச் சுதி சேர்ப்பவராகி, கடலோரம் பத்ரூனுக்குக் குடிபோயிருந்தார். கணினியில் ஒரு சொல்லை எடுத்து இன்னொன்றைப் போடச் சொன்னால் ஒரு நொடியில் முடிகிற வேலை. ஜுமானாவுக்குத் தன்மேலேயே மதிப்பு கூடியது.

மதாம் ஓதெத் ஸஅத்தர் மூலிகைப்பொடி தூவிய ரொட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் பக்கத்தைப் புரட்டினாள். வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. பிறகு ஒரு பெருமூச்சு.

"பத்ரூன் ஹபீப். எனக்கு எப்பவும் ஒரு சந்தேகம் இருந்துது."

"யாரு ஹபீப்?"

"இந்த நாட்டுல பியானோவுக்குச் சுதி சேர்க்கிறவன் மொத்தமே மூணு பேரு கண்ணு. ஒருத்தன் செத்துட்டான். ஒருத்தன் கனடா போயிட்டான். மிச்சம் யாரு? ஹபீப்தான். எங்க சர்ச் மண்டபத்துக்கு அவன்தான் வருவான். ரொம்பக் கூச்ச சுபாவம். குனிஞ்ச தலை நிமிர மாட்டான்."

"கூச்ச சுபாவம்னா அது..."

"அதோட இந்தக் கேனரிப் பறவைங்க," என்று அவள் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டாள். "நாலு கூண்டு கேனரி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாடகி பேரு. இது யாருக்குத்தான் தெரியாது? இதைப் படிச்சா ஊரே கண்டுபிடிச்சிடும்."

கேனரிப் பறவைகள் ஏழாமவருடைய சொந்தப் பறவைகள். பியானோக்காரனும் கேனரி வளர்ப்பான் என்று ஜுமானா கனவிலும் நினைக்கவில்லை. இப்படியும் ஒரு தலையெழுத்தா என்று நொந்துகொண்டாள்.

மத்தியானம் அவளுடைய நெறியாளர் டாக்டர் முனீர் கூப்பிட்டுவிட்டார். நல்ல மனிதர், ஆனால் எதையும் நாசூக்காகச் சொல்லத் தெரியாதவர்.

"ஜுமானா, ஆஸ்பத்திரி வாசல்ல 'அவன் மூணு பியானோ காத்திருந்தான்'னு உன் ஆளு சொல்றாரே. என்னம்மா அது?"

அரபியில் கடிகாரத்துக்கும் மணி நேரத்துக்கும் ஒரே சொல். கணினி விசுவாசமாக எல்லாவற்றையும் மாற்றியிருந்தது. அடுத்த பக்கத்தில் சலீம் கையில் கட்டியிருந்த பியானோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். இருபத்து நான்கு பியானோவும் அவருக்கு ஒரே ஒருவர் நினைவாகவே இருந்தது.

"திருத்திடறேன் டாக்டர்."

"அதை மட்டும் இல்ல. அந்த ஆளு ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் மெலிஞ்சுக்கிட்டே போறாரு. போன மாசம் என் முன்னாடி உட்கார்ந்து பேசின மாதிரி இருந்துது. இப்ப அட்டையில வெட்டின பொம்மை. குழு கேக்கும். சதையும் ரத்தமுமா ஒரு மனுஷன் வேணும்."

ஒரு பக்கம் இவர் சதை கேட்கிறார், அந்தப் பக்கம் மதாம் ஓதெத் எலும்பைக்கூட அடையாளம் கண்டுவிடுகிறாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது சும்மா சொன்ன வார்த்தை இல்லை.

வியாழக்கிழமை சலீம் தெற்கே மலையில் ஜெஸ்ஸீனில் தேனீ வளர்த்தார். கேனரிகளுக்குப் பதில் ஒரு கிழட்டு நாய். அவரோடு இருபத்தேழு வருடமாக வாழ்ந்துவரும் கமாலை ஊருக்கு அவர் "பின்கட்டுக் குடித்தனக்காரர்" என்று சொல்லிவந்தார். அந்தக் கமால் இப்போது பெரியப்பா மகனானார். சதைக்காக ஜுமானா தேனீயைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். ராணித் தேனீகூட அதில் வந்தது.

"அபூ ஜிர்ஜிஸ்," என்றாள் மதாம் ஓதெத்.

ஜுமானா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"ஜெஸ்ஸீன் அபூ ஜிர்ஜிஸ். தேனும் நல்லா இருக்கும். அந்தப் பெரியப்பா மகன் மட்டும் பெரியப்பா மகனே இல்லைன்னு நான் அப்பவே சொன்னேன். அவங்க பெரியப்பாவை எனக்குத் தெரியும், அவருக்குப் பொறந்தது அஞ்சும் பொண்ணு."

"மதாம், கெஞ்சிக் கேக்குறேன். இவரும் இல்ல."

"இருபத்தேழு வருஷம்னு கணக்காப் போட்டிருக்கியே, அதுதான் தப்பு. யாரு யாரோட எத்தனை வருஷம் இருக்கான்னு இந்த நாட்டுல கணக்கு வச்சிக்கிட்டே இருக்கிறவங்க உண்டு, தெரியுமா?"

"நீங்க வச்சிருக்கீங்க."

"நான் மட்டுமா?" என்று மதாம் ஓதெத் சிரிக்காமல் சொன்னாள்.

இப்போது மூன்று அப்பாவிகள். ஒருவரைக் காப்பாற்றப் போய் மூன்று பேரைச் சந்தியில் நிறுத்தியிருந்தாள். ரொட்டிக் கடைக்குப் போனால் மாவு பிசைகிறவருக்கு அறுபத்திரண்டு வயதிருக்குமோ என்று பார்த்தாள். வாடகைக் காரில் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவருக்குப் பெரியப்பா மகனா என்று யோசித்தாள். புத்தி பேதலித்துவிடும் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை ஏழாமவரைப் பார்க்க வேண்டிய நாள். பேசியவர்களிடம் எழுதியதைப் படிக்கக் கொடுத்து, சம்மதம் கேட்ட பிறகுதான் சமர்ப்பிக்கலாம் என்பது முறை. கடற்கரைச் சாலையில் ஒரு சின்னக் காப்பிக்கடை. அவர் இஸ்திரி போட்ட சட்டையில் தனியாக வந்தார்.

"கமால் மாமா வரலியா?"

"கார்லயே சுத்திக்கிட்டு இருக்கான். ரெண்டு பேரும் ஒரே மேசையில உட்கார்ந்து பழக்கம் இல்ல, இந்த மாதிரி இடத்துல. இதோட நாலாவது சுத்து. அங்க பாரு, வர்றான்."

பழைய பச்சைக் கார் ஒன்று மெதுவாகக் கடந்தது. உள்ளே இருந்தவர் எதிர்ப்பக்கம் கடலைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார். ஜுமானா கையசைக்கப் போய், பிறகு தலையைக் கோதிக்கொண்டாள்.

ஏழாமவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முதல் பக்கத்திலேயே நிமிர்ந்தார்.

"நான் தேனீ வளர்க்கிறேனா?"

"மன்னிச்சுக்குங்க மாமா."

"தேனீ கொட்டினா எனக்கு மூஞ்சி பூசணிக்காயா வீங்கிடும். ரெண்டு தடவை ஊசி போட்டிருக்கு." அடுத்த பக்கம். "நாயா? கேனரிங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

ஜுமானா எல்லாவற்றையும் சொன்னாள், பெயர்களை மட்டும் விட்டுவிட்டு. கடிகாரம் ஆபத்து, பியானோ அதைவிட ஆபத்து, தேனீ எல்லாவற்றையும் விட ஆபத்து என்றாள். அவர் முதலில் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு காப்பிக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

"நீ செய்யறது சரிதான்மா. என் வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. அண்ணன் தம்பி, தங்கச்சி, யாருக்கும். அவங்களுக்குத் தெரிஞ்சா பண்டிகைக்கு எந்த முகத்தை வச்சிக்கிட்டு அந்தப் படியேறுவேன்? அந்த ஒரு பயம்தான் எனக்கு. இருந்தாலும், அறுபத்திரண்டு வருஷம் எல்லாருக்கும் வேற யாரோவா இருந்துட்டேன். உன் புத்தகத்துலயும் வேற யாரோவான்னு நினைக்கும்போது கொஞ்சம் கஷ்டமா இருக்கு."

ஜுமானா ஐந்து வருடத்தில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேட்டிருக்கிறாள், இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

"என்ன வேணும் மாமா உங்களுக்கு? சொல்லுங்க, அது அப்படியே இருக்கும்."

"அந்த நாற்காலி."

மூன்று வருடத்துக்கு முன் அவருக்கு மாரடைப்பு வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் ரத்த உறவு மட்டும்தான் போகலாம். கமால் வாசலில் மூன்று மணி நேரம் நின்றார். சமூகப் பணியாளரான ஒரு இளம்பெண் கையில் படிவத்தோடு வந்து, நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டாள். கமாலுக்குப் பொய்யும் வரவில்லை, மெய்யும் வரவில்லை. அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் "சகோதரர்" என்று தானே எழுதினாள். எங்கிருந்தோ ஒரு நாற்காலியை இழுத்து வந்து கட்டில் பக்கத்தில் போட்டாள். அவ்வளவுதான்.

"கண்ணு முழிச்சா அவன் நாற்காலியில உட்கார்ந்திருக்கான்," என்றார் ஏழாமவர். "பேரு, ஊரு, தொழிலு, பறவை எதை வேணா எடுத்துடு. அந்தப் பொண்ணு நாற்காலி இழுத்துப் போட்டதை மட்டும் அப்படியே வச்சிடு. உன்கிட்ட படிக்க வர்ற புள்ளைங்களுக்குத் தெரியணும்."

பச்சைக் கார் ஏழாவது முறையாக வந்தது. இந்தத் தடவை கமால் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார், நேரமாகிவிட்டதாம். ஏழாமவர் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை ஜுமானா எந்த ஆய்வேட்டிலும் எழுதப் போவதில்லை.

சனி ஞாயிறு இரண்டு நாளும் அவள் வேறு யாரையும் உண்டாக்கவில்லை. தேனீக்களை அழித்தாள். ஜெஸ்ஸீனை அழித்தாள். நாயை அழித்தாள், ஒன்றரைப் பக்கத்தோடு ராணித் தேனீயும் போனது. "அறுபதைக் கடந்தவர். கைத்தொழில் செய்பவர். தான் நேசித்தவரோடு நெடுங்காலமாக வாழ்பவர்." இவ்வளவுதான் அறிமுகம். அதற்குக் கீழே அவர் வாயால் சொன்னது, சொன்னபடியே. வாசல், படிவம், நாற்காலி. ஒலிப்பதிவில் அவர் எங்கே நிறுத்தி மூச்சு வாங்கினாரோ அங்கே ஒரு வரி இடம் விட்டாள்.

திங்கட்கிழமை காலையில் டாக்டர் முனீர் அதை நின்றபடியே படித்தார். படித்து முடித்து ஜன்னல் பக்கம் போனார்.

"இப்பத்தான் ஆளு தெரியறான்," என்றார்.

ஜுமானாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரியறாரா? யாரு டாக்டர்? எந்த ஊரு?"

"யாருன்னு எனக்கென்ன தெரியும்? ஆளு தெரியறான்னு சொன்னேன். போ, போய் முத்திரை வாங்கு."

மின்சாரம் இல்லாததால் மின்தூக்கி ஓடவில்லை. நான்கு மாடி இறங்கி, முற்றத்தைக் கடந்து, எதிர்க் கட்டடத்தில் மூன்று மாடி ஏறி அவள் மதாம் ஓதெத்தின் மேசைக்கு வந்தபோது மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

மதாம் ஓதெத் படிக்க ஆரம்பித்தாள். சிவப்புப் பென்சில் காதில் செருகியபடியே இருந்தது. நூற்றுப் பதினாலாம் பக்கம் வந்தது. காப்பி ஆறி மேலே ஏடு படிந்தது. தொலைபேசி அடித்தது, எடுக்கவில்லை. ஒரு முறை படித்து, திரும்ப மேலே போய் இன்னொரு முறை படித்தாள். ஜுமானா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். த்ரிபோலித் தையற்காரனோ, ஸூர் மீன்காரனோ, யார் பெயர் வரப்போகிறதோ என்று உள்ளுக்குள் வேண்டாத தெய்வம் இல்லை.

"யாரு மதாம்?" என்று கடைசியில் அவளே கேட்டுவிட்டாள்.

"தெரியல."

"நிஜமாவா?"

"யாராவும் இருக்கலாம். யாரு வீட்டுலயும் இருக்கலாம்."

ஜுமானாவுக்கு ஐந்து வருடத்துச் சுமை தோளிலிருந்து இறங்கியது. எழுந்துபோய் மதாம் ஓதெத்தைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த மேசை நடுவில் இல்லாவிட்டால் செய்திருப்பாள்.

"அப்பாடா. இனிமே அந்த வதீஃ, ஹபீப், அபூ ஜிர்ஜிஸ் மூணு பேரும் நிம்மதியா இருக்கட்டும். மனசுக்குள்ள அவங்ககிட்ட எவ்வளவு மன்னிப்புக் கேட்டேன் தெரியுமா? அவங்களைப் பத்தி இனிமே தப்பா நினைக்காதீங்க மதாம்."

மதாம் ஓதெத் இழுப்பறையைத் திறந்து மைப்பெட்டியை எடுத்தாள். முத்திரையை ஊதித் துடைத்தாள்.

"அப்படி யாருமே கிடையாது கண்ணு. நானா வாய்க்கு வந்த பேரைச் சொன்னேன்."

"கிடையாதா? அப்ப எதுக்கு என்னை இப்படித் தொழிலை மாத்து, பறவையை எடு, வருஷத்தை எடுன்னு ஒரு வாரமா அலைய விட்டீங்க?"

மதாம் ஓதெத் முத்திரையை மையில் அழுத்தி, தாளின் மேல் நிதானமாகக் குத்தினாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானை இல்லாத குறைக்குச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள்.

"இப்பத்தான் கண்ணு, எங்க அண்ணனை எனக்கே அடையாளம் தெரியல."